ஆர்யாவைத் திரும்பிப் போகச் சொன்ன ஹவுண்ட், தான் மட்டும் ஏன் போனான்?

ஊசிநூல்

கேம் ஆஃப் த்ரோன்ஸ் சீரியல் 2019-லேயே முடிந்துவிட்டது. நீங்கள் எல்லாரும் பேசித் தீர்த்திருப்பீர்கள். நான் இந்த வருடம்தான் முழுசாகப் பார்த்தேன். ஈரோடு பக்கம் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். இரவு கடை சாத்திய பிறகு, மறுநாள் கொடுக்க வேண்டிய ரவிக்கைகளுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே, கல்லூரியில் படிக்கும் என் மகளோடு உட்கார்ந்து 73 எபிசோடையும் பார்த்து முடிக்க நாலு மாதம் ஆனது. பார்த்து முடித்தும் ஒரு இடம் மட்டும் எனக்கு அடங்க மாட்டேன் என்கிறது. இதுவரை பார்க்காதவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

8-வது சீசன், 5-வது எபிசோட். மேலே டிராகன் நெருப்பைக் கக்குகிறது, தலைநகரம் கிங்ஸ் லேண்டிங் எரிகிறது. அரண்மனையில், தரை முழுக்க நாட்டின் வரைபடம் வரைந்த கூடத்தில் ஹவுண்ட் என்று பட்டப்பேர் வைத்துக் கூப்பிடப்படும் முகம் வெந்த வீரனும், வடக்கு நாட்டுப் பிரபுவின் மகள் ஆர்யாவும் நிற்கிறார்கள். சுற்றிலும் இடிந்து விழுகிறது. அவள் ராணி செர்சியைக் கொல்ல வந்தவள். அவன் தன் அண்ணன் கிரெகரைக் கொல்ல வந்தவன். வடக்கிலிருந்து குதிரையில் கிளம்பும்போதே, திரும்பி வரும் எண்ணம் இல்லை என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டுதான் வந்தார்கள். இவ்வளவு தூரம் வந்த பிறகு அவன் அவளுடைய பின்னந்தலையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறான்: வீட்டுக்குப் போ, செர்சி எப்படியும் இன்றைக்குச் சாகத்தான் போகிறாள், ஆயுசு பூராவும் பழி பழி என்று அலைந்தவன் நான், என்னைப் பார், இந்த மாதிரி ஆகணுமா உனக்கு?

அவள் நின்றுவிடுகிறாள். ஊரே நாய் என்று கூப்பிட்ட மனுஷனை "சாண்டார்" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டு, நன்றி சொல்கிறாள். அந்த இடத்தில் என் கையிலிருந்த ஊசி அப்படியே நின்றுவிட்டது.

ஆனால் அவன் திரும்பவில்லை. நேராகப் படிக்கட்டுக்குப் போகிறான். அண்ணனோடு மோதி, கடைசியில் அவனையும் இழுத்துக்கொண்டு சுவரை உடைத்துக் கீழே நெருப்பில் விழுகிறான். சின்ன வயதிலிருந்து எந்த நெருப்பைக் கண்டால் நடுங்கினானோ அதே நெருப்பில்.

என் கேள்வி இதுதான். இவன் திருந்தினானா, இல்லையா? திருந்தியவன் என்றால் எதற்குப் படி ஏறினான்? திருந்தாதவன் என்றால் அந்தப் பெண்ணை எப்படி அவனால் திருப்பி அனுப்ப முடிந்தது?

இதை ஏன் இவ்வளவு மெனக்கெட்டுக் கேட்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவன் முகம் வெந்த கதையை 4-வது சீசனில் ஆர்யாவிடம் சொல்வான். அண்ணனுடைய பொம்மையை எடுத்து விளையாடினான், திருடவில்லை, விளையாடத்தான் செய்தான். அதற்கு அண்ணன் அவன் முகத்தை நெருப்பில் வைத்து அழுத்தினான். வலி ஒரு பக்கம், நாற்றம் ஒரு பக்கம், எல்லாவற்றையும்விட மோசம் அதைச் செய்தது சொந்த அண்ணன் என்பது. அதோடு அப்பா ஊருக்கெல்லாம், படுக்கையில் தீப்பிடித்துவிட்டது என்று சொல்லி அண்ணனைக் காப்பாற்றிவிட்டார்.

எனக்கு ஏழு வயது இருக்கும்போது இடது முன்கையில் சோறு வடித்த கஞ்சியை ஊற்றிவிட்டான் என் பெரியப்பா மகன். சண்டை எதற்கு என்பது மறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டதற்கு, "ஓடியாடும்போது அடுப்புல தட்டி விட்டுட்டா" என்றார் என் அப்பா. ஒரே வீடு, ஒரே காடு, ஒரே கிணறு. அவருக்கு வேறு வழி தெரியவில்லை என்று இப்போது புரிகிறது. ஆனால் அந்தப் பொய்யை ஊரில் எல்லாரும் உண்மை என்றுதான் வைத்திருக்கிறார்கள். போன தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் அவன் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்து ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நான் எனக்கென்று தைத்துக்கொள்வது எல்லாமே முழுக்கை ரவிக்கைதான்.

அதனால்தான் கேட்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பனிச்சுவர்

அக்கா, உங்கள் கதையைப் படித்து மனசு கனத்துவிட்டது. ஆனாலும் என் பதிலை மழுப்பாமல் சொல்கிறேன்: ஹவுண்ட் திருந்தவில்லை. அந்த அண்ணன் தம்பி சண்டைக்கு ரசிகர்கள் அவர்கள் குடும்பப் பேரான கிளிகேனை வைத்து "கிளிகேன்பௌல்" என்று பேர் சூட்டி வருடக்கணக்கில் காத்துக்கொண்டிருந்தார்கள். கேட்டதைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். கதாபாத்திரத்துக்கு அந்தச் சண்டை தேவைப்படவே இல்லை. 6-வது சீசனில் அந்தச் சாமியார் கூட்டத்தோடு மரம் வெட்டிக்கொண்டு இருந்தானே, அங்கேயே அவன் பாதி மனுஷனாகிவிட்டான். பிறகு பின்னால் இழுத்துவிட்டார்கள்.

மீட்சி என்றால் என்ன என்று பார்க்க வேண்டுமானால் தியானைப் பாருங்கள். தன்னை வளர்த்த வீட்டுக்கே துரோகம் செய்தவன். ஆர்யா வீட்டுக் கோட்டையான வின்டர்ஃபெல்லைப் பிடித்தான், அங்கே போர்ப் பயிற்சி கொடுத்த ரோட்ரிக்கின் கழுத்தை ஒரே வெட்டில் எடுக்கத் தெரியாமல் திரும்பத் திரும்ப வெட்டினான், ஆர்யாவின் தம்பிகள் பிரானும் ரிக்கானும்தான் என்று ஊரை நம்பவைக்க இரண்டு விவசாயிப் பையன்களின் உடலை எரித்துத் தொங்கவிட்டான். இவ்வளவும் செய்தவன் பிறகு என்ன செய்தான்? ஆர்யாவின் அக்கா சான்சாவைக் கூட்டிக்கொண்டு கோட்டைச் சுவரிலிருந்து குதித்தான். 8-வது சீசனில் எந்த வீட்டைக் கெடுத்தானோ அதே வீட்டுக்கு வந்து, என்னைச் சேர்த்துக்கொண்டால் வின்டர்ஃபெல்லுக்காகச் சண்டை போடுகிறேன் என்று சான்சாவின் முன்னால் நின்றான். கெடுதல் செய்த இடத்துக்கே போய், கெடுதல் செய்யப்பட்ட ஆட்களின் முகத்தைப் பார்த்து நிற்பதுதான் மீட்சி. பிரான் அவனைப் பார்த்து, நீ நல்லவன் என்று சொல்கிறான். அதைக் கேட்ட பிறகுதான் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு, செத்தவர்கள் படையின் ராஜாவான நைட் கிங்கை நோக்கி ஓடுகிறான்.

ஹவுண்ட் யாரிடமாவது போய் இப்படி நின்றானா?

வேதாரண்யத்தான்

நின்றான் தம்பி. ஆனால் அவர்கள் உயிரோடு இல்லை.

4-வது சீசன் 3-வது எபிசோடை மறுபடி போட்டுப் பாருங்கள். ஒரு விவசாயியும் அவன் சின்ன மகளும் ஹவுண்டையும் ஆர்யாவையும் வீட்டுக்குள் கூப்பிட்டு முயல் குழம்பு போடுகிறார்கள். கொள்ளைக்காரர்கள் பயம் இருக்கிறது, இங்கேயே தங்கி வேலை செய்யுங்கள், கூலி தருகிறேன் என்கிறான் அந்த ஆள். ஹவுண்டும் சரி என்கிறான். விடிந்ததும் அவனை அடித்துப் போட்டுவிட்டு வெள்ளிக்காசைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். ஆர்யா கத்துகிறாள். அதற்கு அவன் சொல்வது: இவன் பலமில்லாதவன், குளிர்காலம் வந்தால் இரண்டு பேரும் செத்துவிடுவார்கள், செத்தவனுக்கு வெள்ளி எதற்கு?

அது 2014-ல் வந்தது. 2017-ல் 7-வது சீசன் முதல் எபிசோடில் அதே வீட்டுக்கு ஹவுண்ட் மறுபடி வருகிறான். வாசலிலேயே முகம் மாறிவிடும். உள்ளே போகவே மனசில்லை, கூட வந்த பெரிக், தோரஸ் கூட்டத்தார் வற்புறுத்தித்தான் போகிறான். உள்ளே மூலையில் எலும்பாக அப்பா, அணைத்தபடி மகள். பட்டினியில் சாவதைவிட இது மேல் என்று அந்த அப்பாவே முடித்துக்கொண்டிருக்கிறான். ஹவுண்ட் சொன்னபடியேதான் நடந்திருக்கிறது. மற்றவர்கள் தூங்கிய பிறகு, பனி கொட்டும் இருட்டில் வெளியே போய்க் குழி வெட்டுகிறான்.

எனக்குக் குழி வெட்டிய அனுபவம் இருக்கிறது. 2018 நவம்பர் 16, கஜா புயல். எங்கள் கொட்டகை சரிந்து இரண்டு கறவை மாடு போய்விட்டது. ராத்திரி காற்று ஏறும்போதே கயிற்றை அவிழ்த்து விட்டிருந்தால் பிழைத்திருக்கும். அவிழ்த்தால் ஓடிவிடும், தேடிப் பிடிக்க முடியாது என்று நினைத்து அவிழ்க்காமல் வந்து படுத்தவன் நான். மறுநாள் நானும் என் தம்பியும் காலையில் ஆரம்பித்து இருட்டும்வரை வெட்டினோம். எங்கள் பக்கம் மணல் பூமி, மூன்றடி போனதும் ஊற்று கசிந்து கரை சரியும். வெட்டியதை மறுபடி வெட்ட வேண்டும். வேலை செய்தால் நினைப்பு வராது என்பார்கள். வரும். ஒவ்வொரு மண்வெட்டிக்கும் அந்தக் கயிறுதான் கண்ணில் நின்றது. தம்பி ஒன்றுமே கேட்கவில்லை. எத்தனை ஆழம் வேண்டும் என்பதை மட்டும் கேட்டான். கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

பிறகு சீரியலில் அந்தக் காட்சி வரும்போது நான் பார்த்தது அவன் கையைத்தான். இறுகிப்போன தரையில் மண்வெட்டி எப்படித் திருப்பி அடிக்கும் என்று எனக்குத் தெரியும். தோரஸ் வெளியே வந்து, இவர்களைத் தெரியுமா என்று கேட்கிறான். அப்படி ஒன்றும் தெரியாது என்கிறான் ஹவுண்ட். உண்மையைச் சொல்ல வாய் வராது, யாருக்குமே வராது. மூடிய பிறகு ஒரு பிரார்த்தனையை ஆரம்பிக்கிறான், பாதியில் மறந்துவிடுகிறது. மீதி ஞாபகம் இல்லை, நீங்கள் செத்துப்போனதற்கு வருத்தப்படுகிறேன், இதைவிட நல்ல கதி உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்று முடித்துக்கொள்கிறான். வேறு யாரும் மன்னிக்க அங்கே இல்லை. அதனால் அவன் வெட்டியது பொய்யாகிவிடுமா?

தியானுக்குக் கட்டிப்பிடிக்க சான்சா இருந்தாள். அது அவனுடைய அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன்.

மேலமாசி

நான் மதுரையில் வக்கீல். கிரிமினல் பக்கம். இதை யாரும் இன்னும் தொடாததால் எழுதுகிறேன்.

ஹவுண்டுக்கு ஒரு விசாரணை நடந்தது. 3-வது சீசன், 4-வது எபிசோடின் கடைசியில் ஆரம்பித்து 5-வது எபிசோடில் முடிகிறது. பெரிக் கூட்டத்தின் குகையில். கசாப்புக்காரன் மகன் மைக்காவைக் கொன்றான் என்று ஆர்யா குற்றம் சாட்டுகிறாள். அவன் சொல்லும் வாதம் நம் கோர்ட்டுகளில் தினமும் கேட்கிற வாதம்தான்: நான் இளவரசனின் காவல்காரன், பையன் இளவரசனை அடித்தான், மேலே சொன்னதைச் செய்தேன். அந்த ஊர்ச் சட்டப்படி வாள் சண்டையில் தீர்ப்பு. பெரிக் தன் வாளைப் பற்றவைத்துக்கொண்டு வருகிறான். நெருப்பைப் பார்த்து நடுங்கிக்கொண்டே சண்டை போட்டு ஹவுண்ட் ஜெயிக்கிறான். விடுதலை. ஆர்யாவுக்கு அது தாங்கவில்லை.

விடுதலை என்பதும் குற்றம் இல்லை என்பதும் வேறு வேறு. என்னிடம் வந்த ஒருவனுக்குச் சாட்சிகள் பிறழ்ந்து விடுதலை கிடைத்தது. வெளியே வந்ததும் எனக்குக் கைகொடுத்துவிட்டு நின்றான். கோர்ட் எதிரே டீக்கடை பெஞ்சில் செத்துப்போனவனின் அம்மா உட்கார்ந்திருந்தார். அவன் ரோட்டைத் தாண்டப் பாதி தூரம் போனான். நின்றான். திரும்பி வந்து, "வண்டி எங்கண்ணே நிக்குது?" என்று கேட்டான். அந்தப் பாதி ரோட்டை நான் மறக்கவே இல்லை.

ஹவுண்டும் பல வருடம் அந்தப் பாதி ரோட்டில்தான் நிற்கிறான். பிரியன் என்கிற பெண் வீரரிடம் தோற்று, மலையடிவாரத்தில் உயிர் போகிற வலியில் கிடக்கும்போது, தன்னைக் கொன்றுவிடச் சொல்லி ஆர்யாவிடம் கெஞ்சுகிறானே, அப்போது மைக்காவின் பேச்சை அவனே எடுக்கிறான், அவளுக்குக் கோபம் வரட்டும் என்று. சட்டம் விட்ட குற்றத்தை அவனே வலிய ஒப்புக்கொண்டு தண்டனை கேட்கிற இடம் அது. அவள் தண்டனையும் கொடுக்கவில்லை, மன்னிப்பும் கொடுக்கவில்லை. காசை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். எனக்கு இந்த மொத்தத் தொடரிலும் மிகப் பெரிய காட்சி அதுதான். டிராகன் எல்லாம் அதற்குப் பிறகு.

ஊசிநூல் அம்மா கேட்டதற்கு என் பதில்: இவனிடம் இரண்டு கணக்கு இருக்கிறது. இவன் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டியது ஒன்று: மைக்கா, அந்த விவசாயி, அவன் மகள். இவனுக்கு மற்றவர்கள் கொடுக்க வேண்டியது இன்னொன்று: அண்ணன் எரித்தது, அப்பா சொன்ன பொய். முதல் கணக்கை அவன் அடைக்க ஆரம்பித்தான், ஆர்யாவைத் திருப்பி அனுப்பியதோடு பெரும்பாலும் அடைத்தும் விட்டான். இரண்டாவதில் அவன் கடன்காரன் இல்லை, கடன் கொடுத்தவன். அதை வசூலிக்கப் போனதால் முதல் கணக்கில் அடைத்தது அழிந்துபோகாது. திருந்தினானா என்பது ஒரு கேள்வி. பழியை விட்டானா என்பது வேறு கேள்வி. நாம்தான் இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குலுக்குகிறோம்.

பனிச்சுவர்

வக்கீல் சார், கடன் கொடுத்தவன் என்றே வைத்துக்கொள்வோம். யாரிடம் வசூலிக்கப் போனான்? கிரெகர் 4-வது சீசனிலேயே ஓபரினின் ஈட்டி விஷத்தில் முடிந்தவன். செர்சியின் வைத்தியன் கைபர்ன் ஏதேதோ செய்து எழுப்பிவிட்ட உடம்பு அது. பேச்சில்லை, ஞாபகம் இருக்கிறதா என்றே தெரியாது. ஹவுண்ட் வாளைச் சொருகுகிறான், சாக மாட்டேன் என்கிறது. கண்ணில் கத்தியை இறக்குகிறான், அப்போதும் சாக மாட்டேன் என்கிறது. செத்தவனைக் கொல்ல முடியாது. அந்தச் சண்டை சொல்வதே அதுதான், பழிவாங்கப் போனால் அங்கே ஆளே இருக்காது என்று. அதைப் புரிந்துகொண்டவன்தான் ஆர்யாவிடம் அப்படிப் பேசினான் என்றால், தனக்கு ஏன் அது எட்டவில்லை?

இன்னொரு விஷயம், பழி எப்போதுமே ஆளைத் தின்றுவிடும் என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தன்னைக் கொடுமைப்படுத்திய கணவன் ராம்சியை அவன் வளர்த்த நாய்களுக்கே போட்டுவிட்டு சான்சா லேசாகச் சிரித்துக்கொண்டு நடந்துபோனாள். 8-வது சீசன் விருந்தில் ஹவுண்டிடமே அதை நிதானமாகச் சொல்கிறாள். அவள் ஒன்றும் அழிந்துபோகவில்லை, வடக்குக்கே ராணியானாள். ஆர்யாவும், தன் அம்மாவையும் அண்ணனையும் கொல்ல வைத்த ஃப்ரே கிழவனுக்கு அவன் மகன்களையே சமைத்துப் போட்டவள்தான்.

ஊசிநூல் அக்கா, ஒரு திருத்தமும்: முகம் வெந்த கதையை ஆர்யாவிடம்தான் முதலில் சொன்னான் என்பது போல எழுதியிருக்கிறீர்கள். முதல் சீசனிலேயே லிட்டில்ஃபிங்கர் என்கிற அரசவை ஆள் சான்சாவிடம் சொல்லிவிடுவான்.

வேதாரண்யத்தான்

தம்பி, சான்சா பழிவாங்கியது ராம்சி பேசக்கூடிய ஆளாக, பயப்படக்கூடிய ஆளாக இருந்தபோது. அதனால் அவளுக்கு முடிந்தது. நீங்கள் சொன்ன வாதத்தையே வைத்துப் பாருங்கள், ஹவுண்டுக்கு அது கிடைக்கவே இல்லை. காலம் தாண்டிவிட்டது. அதுதான் அவன் கதை.

செர்சியோடு பிறந்த ஜேமியைப் பற்றி யாரும் பேசவில்லையே? அவனுக்கும் இங்கே இடம் உண்டு. கை போன பிறகு குளியல் தொட்டியில் பிரியனிடம், தான் கொன்ற பைத்தியக்கார ராஜாவைப் பற்றி எல்லாம் சொல்வானே, அங்கே ஆரம்பித்த ஆள் கடைசியில் செர்சியிடமே திரும்பிப் போனான். அவனுக்குப் பழி இல்லை, பாசம். இரண்டும் ஒரே கயிறுதான் போலிருக்கிறது. இதைப் பிறகு பேசலாம், கரண்ட் போகப் போகிறது.

ஊசிநூல்

எல்லாருக்கும் நன்றி. உடனே பதில் போட முடியவில்லை. முகூர்த்த மாதம், ராத்திரி பன்னிரண்டு வரை மெஷின் ஓடுகிறது.

பனிச்சுவர் தம்பி, திருத்தம் சரி. லிட்டில்ஃபிங்கர் சொன்னதைப் போய் மறுபடி பார்த்தேன். ஆனால் அவன் சொல்வது வம்பு. வேடிக்கை பார்க்கிற இடத்தில் ஒரு சின்னப் பெண்ணைப் பயமுறுத்தச் சொல்கிறான். என் கையைப் பற்றியும் அப்படி யார் யாரோ பேசியிருப்பார்கள். வெந்தவனே வாயைத் திறந்து சொல்வது வேறு. அது 4-வது சீசன் 7-வது எபிசோடில்தான் நடக்கிறது.

நீங்கள் எழுதியதை எல்லாம் படித்த பிறகு அந்தக் காட்சியைத் தனியாக நாலைந்து தடவை பார்த்தேன். கழுத்தில் ஒருத்தன் கடித்த காயம். தானே தைத்துக்கொள்ளப் பார்க்கிறான், முடியவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஊசி போடவே முடியாது, என் தொழில் அதுதான், எனக்குத் தெரியும். ஆர்யா நெருப்பு வைத்துக் காயத்தைச் சுடலாம் என்கிறாள். வேண்டாம் என்று எரிந்து விழுகிறான். அதற்குப் பிறகுதான் அந்தக் கதையையே சொல்கிறான். கதையைக் கேட்டுவிட்டு அவள் ஐயோ பாவம் என்றோ, உன் அண்ணனைக் கொன்றுவிடு என்றோ சொல்லவில்லை. சரி, கழுவித் தைத்தாவது விடுகிறேன் என்கிறாள். இத்தனைக்கும் மைக்காவைக் கொன்றவன் என்று தினம் ராத்திரி இவன் பேரைச் சொல்லிப் படுத்தவள் அவள்.

அவன் சொன்னதை அப்படியே நம்பிய முதல் ஆள் அவள்தான் என்று எனக்குப் படுகிறது. படுக்கையில் தீப்பிடித்தது என்பதை நம்பாத ஆள். அப்படி ஒரு ஆள் கிடைத்தால் அந்த ஆளைச் சாக விட முடியுமா? அதனால்தான் கடைசியில் அவளைத் திருப்பி அனுப்பினான். வக்கீல் சார் கடன் அடைத்தது என்றார். இருக்கலாம். எனக்கு அது கடன் மாதிரித் தெரியவில்லை, சொந்தம் மாதிரித் தெரிகிறது.

அப்புறம் அவன் ஏன் படி ஏறினான் என்பது. 7-வது சீசன் கடைசி எபிசோடில் டிராகன் குழியில் அண்ணனைப் பார்க்கும்போது, கிட்டே போய், என்னை ஞாபகம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறான். கொல்லுவேன் என்பது பிறகு. ஞாபகம் இருக்கிறதா என்பதைத்தான் எனக்கும் அந்தப் பந்தியில் கேட்க வாய் வந்தது. படிக்கட்டில் கிரெகரின் தலைக்கவசம் கழன்று அழுகின முகம் வெளியே வந்ததும் ஹவுண்ட் சொல்கிறான், நீ எப்போதுமே இதுதான் என்று. அவன் அப்பா மூடி வைத்த முகம் அது. சர் பட்டம் கொடுத்து, கவசம் மாட்டி எல்லாரும் மறைத்த முகம். அதைப் பார்த்துவிட்டான், வாய்விட்டுச் சொல்லியும் விட்டான். என்னைக் கேட்டால் அவன் போனது அதற்குத்தான், அந்த நிமிடத்தில் அவன் திரும்பி இறங்கி வந்திருக்கலாம். வரவில்லை என்பதுதான் என் வருத்தம் எல்லாம். பனிச்சுவர் சொன்னது போல, செத்தவனைக் கொல்லப் பார்த்துத் தானும் போய்விட்டான். ஆர்யாவுக்குச் சொன்ன அதே வார்த்தையை அவனுக்குச் சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் இல்லை. 6-வது சீசனில் அந்தச் சாமியார் ரே இருந்தார், தானும் ஒரு காலத்தில் ஊரைக் கொளுத்தினவன் என்று கூட்டத்தின் நடுவில் சொன்ன மனுஷன். அவரைத் தூக்கில் போட்டுவிட்டார்கள்.

வேதாரண்யத்தாரே, உங்கள் தம்பி ஒன்றும் கேட்காமல் ஆழம் மட்டும் கேட்டார் என்று எழுதினீர்களே, அதை என் மகளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ ஏம்மா எப்பவும் முழுக்கையே போடற?" என்று கேட்டாள். இருபது வருடம் அவள் கேட்டதே இல்லை. சொன்னேன். யார், எந்த வீட்டு அடுப்படியில், தாத்தா நர்சிடம் என்ன சொன்னார், எல்லாம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தழும்பு எதுவரைக்கும் போகிறது என்று பார்த்தாள். மூன்றாம் நாள் கல்லூரியிலிருந்து வரும்போது ஒன்றரை மீட்டர் துணி வாங்கி வந்திருக்கிறாள். கை எவ்வளவு நீளம் வைப்பது என்று எனக்கே விட்டுவிட்டாள்.

ஜேமியைப் பற்றி இங்கே வேண்டாம், அது தனிக் கதை. பனிச்சுவர் தம்பி, தியானுக்குத் தனியாக ஒரு இழை போடுங்கள். போருக்கு முந்தைய ராத்திரி முற்றத்தில் அவனும் சான்சாவும் எதிரெதிரே உட்கார்ந்து சூப் குடிக்கிறார்களே, அதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு வசதி.